எச்.சி.ஐ. அறிமுகப் பாடத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது: முதுநிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு

செமஸ்டர் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது துறை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். "உங்கள் பாடத்துக்கு என்ன புத்தகம்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்." மனிதர்-கணினி இடைவினை, அதாவது எச்.சி.ஐ., அறிமுகப் பாடத்தை முதுநிலை வகுப்புக்கு நான் முதன்முதலாக எடுத்தபோது, வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து நான்கு புத்தகங்களின் பொருளடக்கத்தைப் பார்த்தேன். எதில் தலைப்புகள் அதிகமோ அதன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

வகுப்பில் 26 பேர். மூன்றாவது வாரம், "இந்த வார அத்தியாயத்தை முழுதாகப் படித்தவர்கள் யார்?" என்று கேட்டேன். நான்கு கைகள்தான் உயர்ந்தன. சோம்பல் என்று நினைத்து அன்று கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி என் அறைக்கு வந்தார். பத்து வருடம் செவிலியராக வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்க ஓரத்தில் பென்சிலால், "இது எதற்கு?" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே கேள்வி. அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது இடங்களில் இருந்தது. "புரியாமல் இல்லை மேடம். படித்துவிட்டு என்ன செய்யணும் என்றுதான் தெரியவில்லை" என்றார்.

பயனரைப் பார்க்காமல் எதையும் வடிவமைக்காதே என்று வகுப்பில் சொல்லிவிட்டு, படிக்கப் போகிறவரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் புத்தகம் தேர்ந்தெடுத்திருந்தேன். பாடநூலும் ஓர் இடைமுகம்தான், அதாவது பயனர் நேரடியாகக் கையாளும் முகப்பு. அதையும் பயனரிடம் கொடுத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் செய்துவருகிறேன். அந்த முறையை இங்கே சொல்கிறேன்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்

ஒரு தாளை எடுத்து, செமஸ்டர் முடியும்போது மாணவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தலைப்புகளாக எழுதாதீர்கள், வினைச்சொற்களாக எழுதுங்கள். "மதிப்பீட்டு முறைகள்" என்று எழுதினால் எல்லாப் புத்தகமும் பொருந்திவிடும். "ஐந்து பேரை வைத்து ஒரு செயலியைச் சோதித்து, கண்ட குறைகளைக் கடுமை வாரியாக அடுக்கி எழுதுவார்" என்று எழுதினால் பாதிப் புத்தகங்கள் அங்கேயே கழன்றுவிடும்.

என் தாளில் நான்கு வரி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் நேர்காணல் எடுத்து, அவர் வேலை செய்வதைக் கூடவே இருந்து கவனிப்பார். காகிதத்தில் மூன்று மாதிரிகளாவது வரைந்து, இரண்டைத் தூக்கிப் போடுவார். சின்னதாக ஒரு சோதனையைத் திட்டமிட்டு நடத்தி, எண்களைச் சரியாகப் படிப்பார். ஓர் ஆய்வுக்கட்டுரையை எடுத்து, "இந்த முடிவை நான் ஏற்கவில்லை, காரணம் இது" என்று இரண்டு பக்கம் எழுதுவார். கடைசி வரிதான் இளநிலையிலிருந்து முதுநிலையைப் பிரிக்கிறது. எந்த அறிமுக நூலும் அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்காது. அந்த வரிக்குப் பேப்பர்கள்தான் வேண்டும். அது பிறகு.

அடுத்து, வகுப்பில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். இந்தப் பாடத்துக்குக் கணினி அறிவியல்காரர்கள் வருவார்கள், உளவியல் படித்தவர்கள் வருவார்கள், வடிவமைப்பிலிருந்து வருவார்கள். எங்கிருந்து வந்தோம் என்று சொல்லத் தெரியாத ஒருவராவது இருப்பார். பதிவுப் பட்டியல் கிடைத்ததும் மூன்று கேள்வி அனுப்புகிறேன்: நிரல் எழுதியிருக்கிறீர்களா? புள்ளியியல் ஒரு பாடமாவது படித்திருக்கிறீர்களா? தெரியாத ஒருவரை உட்காரவைத்து நேர்காணல் எடுத்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் ஒவ்வொரு வருடமும் அதிகம் வருகிறது. அதனால் கள ஆய்வை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகும் நூலை நான் முதன்மை நூலாக வைப்பதே இல்லை.

பெரிய நூல்கள், என் கணிப்பில்

ரோஜர்ஸ், ஷார்ப், ப்ரீஸ் மூவரின் 'இன்டராக்‌ஷன் டிசைன்' 2002-இல் முதலில் வந்தது, ஆறாம் பதிப்பு 2023. கலவையான வகுப்புக்கு இதைவிட இதமான நூல் எனக்குத் தெரியாது. தரவு சேகரிப்பது, தேவைகளைக் கண்டறிவது, மாதிரி செய்வது எல்லாம் ஒழுங்காக நடந்து போகும். உளவியல்காரரும் படிக்கலாம், நிரலாளரும் படிக்கலாம். ஆனால் ஒரு சோதனையை வடிவமைத்துப் புள்ளியியல் செய்ய இது மட்டும் போதாது.

ஷ்னைடர்மனும் அவருடைய சகாக்களும் எழுதிய 'டிசைனிங் தி யூசர் இன்டர்ஃபேஸ்' நூலின் ஆறாம் பதிப்பு 2016-இல் வந்தது. கட்டிமுடிக்கும் ஆர்வத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது. இடைமுகத்தை வடிவமைப்பதற்கு அது தரும் எட்டுப் பொன்விதிகளை என் மாணவர்கள் வேலைக்குப் போன பிறகும் சொல்கிறார்கள். டிக்ஸ், ஃபின்லே, அபவுட், பீல் நால்வரின் 'ஹ்யூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்' மூன்றாம் பதிப்பு 2004-ஐச் சேர்ந்தது. முதல் ஐபோன் வந்தது 2007-இல். எனவே உதாரணங்களில் வயது தெரியும். ஆனாலும் பயனருக்கும் கணினிக்கும் இடையிலான உரையாடலை நிலைமாற்றப் படமாக, அதாவது எந்தச் செயலால் எந்த நிலைக்குப் போகிறது என்று காட்டும் படமாக, வரையக் கற்றுக்கொடுக்கும் பகுதி அதில் இன்னும் புதிதாகவே இருக்கிறது. கணினி அறிவியல் மாணவர்களுக்கு அந்த ஒரு அத்தியாயத்துக்காக நூலகப் பிரதியைக் காட்டுவேன்.

ஆய்வு முறைகளுக்கு இரண்டு உண்டு. லேசர், ஃபெங், ஹாக்ஹைசர் எழுதிய 'ரிசர்ச் மெத்தட்ஸ் இன் ஹ்யூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்', இரண்டாம் பதிப்பு 2017. கருத்துக்கணிப்பு, நாட்குறிப்பு, நேர்காணல், சோதனை என்று எல்லா முறையையும் சமமாகப் பார்க்கும். ஸ்காட் மெக்கென்ஸியின் 'ஆன் எம்பிரிக்கல் ரிசர்ச் பெர்ஸ்பெக்டிவ்' என்ற துணைத்தலைப்புள்ள நூல் 2013-இல் வந்தது. சோதனை நடத்துவதில் மட்டும் ஆழமாக இறங்கும். என் தாளின் மூன்றாம் வரிக்கு மெக்கென்ஸிதான் சரி.

2025-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஹோர்ன்பெக், கிறிஸ்டென்சன், ஔலஸ்விர்த்தா மூவரின் 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஹ்யூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்' பற்றி மனசு நிறைந்து சொல்ல வேண்டும். திறந்த அணுக்கத்தில், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கோட்பாட்டுக்கும் ஆய்வுக்கும் முன்னுரிமை தரும் நூல், எனவே முதுநிலைக்குப் பொருந்தும். அடர்த்தி அதிகம், வாரத்துக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் கொடுத்தால் மூச்சு வாங்கும். ஆனால் முதல் நாளே வகுப்பில் எல்லோரிடமும் ஒரே புத்தகம் இருக்கும் என்ற நிம்மதியை எளிதில் சொல்லிவிட முடியாது.

மூன்று இடத்தில் திறந்து பார்ப்பது

பொருளடக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கும் சொல்லடைவைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்தப் புதிய நூல் கைக்கு வந்தாலும் நான் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

முதலாவது, உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956-ஆம் ஆண்டுக் கட்டுரை. ஏழு, கூட்டல் கழித்தல் இரண்டு. அதைச் சொல்லி, "ஆகவே பட்டியலில் ஏழுக்கு மேல் தேர்வுகள் இருக்கக் கூடாது" என்று நூல் முடித்தால் கீழே வைத்துவிடுங்கள். மில்லர் பேசியது உடனடி நினைவின் கொள்ளளவைப் பற்றி. திரையில் பட்டியல் கண் முன்னே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உளவியல் முடிவு ஒன்றை வடிவமைப்புக்குக் கொண்டுவரும்போது ஆசிரியர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்பது இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, "ஐந்து பயனர் போதும்". நீல்சனும் லேண்டவரும் 1993-இல் தந்த கணக்கு இது. ஒரு குறையை ஒரு பயனர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறக்குறைய 84 விழுக்காடு குறைகள் வெளிவரும். அந்த "எடுத்துக்கொண்டால்" நூலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பு 31-க்குப் பதில் 10 என்றால் ஐந்து பேரில் 41 விழுக்காடுதான் தேறும். நிபந்தனையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் நூலைப் படித்தவர், நாளை வேலையிடத்தில் ஐந்து பேரைச் சோதித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்பார்.

மூன்றாவது, ஃபிட்ஸ் விதி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஒரு முறை என் வகுப்பில் சண்டையே வந்தது. இலக்கு தூரமாக இருந்தால் போய்ச் சேர நேரம் கூடும், அகலமாக இருந்தால் குறையும் என்பது விதி. எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பொத்தான், அதன் கடினக் குறியீடு, அதாவது அதை எட்டுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண், என்ன என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவர் 4 பிட் என்று எழுதினார். பக்கத்தில் இருந்தவர் 3.17. இருவரும் விடைத்தாளை என் மேஜையில் அருகருகே வைத்து, யார் சரி என்று நின்றார்கள். இருவரும் சரிதான். முதலாமவர் படித்த நூலில் ஃபிட்ஸ் 1954-இல் எழுதிய வடிவம் இருந்தது: தூரத்தை இரட்டித்து, அகலத்தால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட லாகரிதம். பதினாறுக்கு 4. மற்றவர் மெக்கென்ஸியின் வடிவத்தைப் படித்திருந்தார்: தூரத்தை அகலத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டி, அதே லாகரிதம். ஒன்பதுக்கு 3.17. பழைய வடிவத்தில் பொத்தான் மிக அருகில் வந்துவிட்டால் கடினம் எதிர்மறை எண்ணாகிவிடும். புதிய வடிவத்தில் அப்படி ஆகாது.

அன்று திட்டமிட்ட பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் இதையே பேசினோம். அந்த வருடத்தின் சிறந்த வகுப்பு அதுதான். ஆனால் அது தானாக நேர்ந்தது, நான் திட்டமிட்டதல்ல. இரண்டு நூல்களைச் சேர்த்து வைப்பதாக இருந்தால் சூத்திரங்களும் சொற்களும் ஒன்றோடொன்று எங்கே முட்டுகின்றன என்று முதலில் நீங்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டுவது தப்பில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு மாணவர் அதைத் தனியாகக் கண்டுபிடித்துக் குழம்பக் கூடாது, அவ்வளவுதான்.

படிக்க வைத்துப் பாருங்கள்

இரண்டு மூன்று நூல்கள் தேறியிருக்கும். இப்போது ஆட்களைக் கூப்பிடுங்கள். போன வருடம் இந்தப் பாடத்தைப் படித்த ஒருவர், இனிமேல் படிக்கப் போகிற இருவர். இருவரும் வெவ்வேறு துறையிலிருந்து வந்தால் நல்லது. ஆளுக்கு ஓர் அத்தியாயம், நாற்பது நிமிடம். மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, விளக்கிச் சொல்ல நாக்கு துடிக்கும்.

படித்து முடித்ததும் ஒரு வேலை கொடுங்கள். "மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதுங்கள்." அத்தியாயம் வேலைக்கு உதவியதா என்பது அந்த ஐந்து கேள்வியில் தெரிந்துவிடும். "செயலி பிடித்திருக்கிறதா?" என்று எழுதினால் உதவவில்லை. "கடைசியாக எப்போது பதிவு செய்தீர்கள், அன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று எழுதினால் உதவியிருக்கிறது.

ஒரு தடவை, உதாரணக் கதைகளுக்காகவே நான் மிகவும் விரும்பிய நூல் ஒன்றை உளவியல் மாணவி ஒருவரிடம் கொடுத்தேன். கதைகள் எல்லாம் வண்ணக் கட்டத்துக்குள் அச்சாகியிருந்தன. அவர் விரல் பத்தியின் கீழே ஓடிக்கொண்டிருக்கும், கட்டம் வந்ததும் தாண்டிக் குதித்து அடுத்த பத்திக்குப் போய்விடும். பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவர் படிக்கவில்லை. பிறகு கேட்டபோது, "அது விளம்பரம் மாதிரி இருந்தது, தேர்வுக்கு வராது என்று நினைத்தேன்" என்றார். இன்னொருவர் ஒரு வரைபடத்தைத் தேடி இடமும் வலமுமாக ஆறு முறை புரட்டினார். விளக்கம் ஒரு பக்கத்திலும் படம் மூன்று பக்கம் தள்ளியும் இருந்தது. இதெல்லாம் எந்த மதிப்புரையிலும் வராது. கட்டம் கட்டிய நூலை நான் கைவிடவில்லை. அந்தக் கட்டங்களின் பக்க எண்களைப் படிக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் தனியாகக் குறித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு படித்தார்கள்.

ஆங்கிலத்தில் சரளமில்லாத ஒருவரும் படிப்பவர்களில் இருக்கட்டும். கனமான கருத்தை எளிய வாக்கியத்தில் சொல்லும் நூலுக்கும், எளிய கருத்தை மூச்சுமுட்டும் வாக்கியத்தில் சொல்லும் நூலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்தான் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுப்பார்.

ஒரு நூல் முதுகெலும்பு, மீதி பேப்பர்கள்

மூன்று பாடநூல்களைக் கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முதுகெலும்பாக ஒன்று, முறைகளுக்குத் துணையாக ஒன்றின் சில அத்தியாயங்கள், அப்புறம் வாரம் ஒரு பேப்பர். நான் இப்போது வைத்திருப்பது: இலவசமாகக் கிடைக்கும் 2025 நூல் முதுகெலும்பு, சோதனை வடிவமைக்கும் மூன்று வாரங்களுக்கு மெக்கென்ஸி, கள ஆய்வுக்கு ரோஜர்ஸ் குழுவின் இரண்டு அத்தியாயங்கள்.

முதல் வாரத்துக்கு மட்டும் டான் நார்மனின் 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்'. அது பாடநூலல்ல, ஆனால் படித்தவர் கதவையும் குழாயையும் பிறகு பழைய கண்ணால் பார்ப்பதில்லை. இதில் பதிப்பைக் கவனியுங்கள். 1988-இல் 'தி சைக்காலஜி ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் வந்த நூல் இது. 2013-இல் திருத்திய பதிப்பில்தான் 'சிக்னிஃபையர்' என்ற கருத்தை நார்மன் விரிவாகக் கொண்டுவந்தார். தொடுதிரை முழுவதுமே தொட இடம் தருகிறது, அது 'அஃபோர்டன்ஸ்'. எங்கே தொட வேண்டும் என்று காட்டும் குறி சிக்னிஃபையர். நூலகத்திலிருந்து பழைய பிரதியை எடுத்த மாணவர்கள் இரண்டுக்கும் அஃபோர்டன்ஸ் என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். நானும் பதிப்பைச் சொல்லாமல் விட்டிருந்தேன், மதிப்பெண்ணைக் குறைக்க மனசு வரவில்லை.

பேப்பர்களில் நான் விடாமல் வைப்பது லூசி சச்மன் 1987-இல் எழுதிய 'பிளான்ஸ் அண்ட் சிச்சுவேட்டட் ஆக்‌ஷன்ஸ்' நூலின் ஒரு பகுதி. ஒளிநகல் இயந்திரத்தின் முன் இருவர் சேர்ந்து நின்று, திரையில் வரும் வழிகாட்டலை நம்பி நகல் எடுக்கப் பாடுபடுவதை அவர் பக்கத்தில் அருகருகே நான்கு செங்குத்துப் பத்திகளாகப் பிரித்து எழுதுகிறார். பயனர் செய்தவற்றில் இயந்திரத்துக்குத் தெரியாதவை, தெரிந்தவை, இயந்திரம் செய்தவற்றில் பயனர் கண்ணுக்குப் பட்டவை, அவற்றுக்குப் பின்னால் இருந்த வடிவமைப்புக் காரணம். முதல் பத்தி எவ்வளவு நீளமாகப் போகிறது என்று பார்க்கும்போதே மாணவர்களுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அதே நான்கு பத்தியில் தங்கள் செயலியை வைத்து எழுதிவரச் சொல்வேன். அசைன்மென்ட்களில் அவர்கள் தாமதமில்லாமல் தருவது இது ஒன்றுதான்.

செயற்கை நுண்ணறிவு போன்ற வேகமாக மாறும் பகுதிக்குப் பாடநூலைத் தேடி அலைய வேண்டாம். அமர்ஷியும் மற்றவர்களும் எச்.சி.ஐ. ஆய்வாளர்கள் கூடும் சி.எச்.ஐ. மாநாட்டில் 2019-இல் தந்த, மனிதர்-செயற்கை நுண்ணறிவு இடைவினைக்கான 18 வழிகாட்டு நெறிகளிலிருந்து தொடங்கி, நீங்கள் பாடம் எடுக்கும் வருடத்துப் பேப்பர் ஒன்றோடு சேர்த்துப் படிக்க வையுங்கள். எந்த நெறி இன்றைக்குப் பொருந்தவில்லை என்று அவர்களே வாதாடட்டும்.

பெயரை அனுப்புவதற்கு முன்

ஒரு வருடம் நான் தேர்ந்தெடுத்த நூலின் மின்பதிப்பைத் திரைவாசிப்பானால், அதாவது திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளால், படிக்கவே முடியவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தார். படங்களுக்கு மாற்று விளக்கம் இல்லை, சூத்திரங்கள் எல்லாம் படமாக இருந்தன, இரண்டு பத்திப் பக்கத்தை வாசிப்பான் குறுக்கே படித்தது. பதிப்பகத்துக்கு எழுதினோம், சரியான கோப்பு வர ஏழு வாரம் ஆனது. அதுவரை வகுப்புத் தோழர்கள் முறைவைத்து அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அணுகல்தன்மையைப் பற்றிய அத்தியாயத்தையும் அப்படித்தான் அவர் கேட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் குற்ற உணர்வு வருகிறது. ஆகவே பெயரை அனுப்பும் முன் மின்பதிப்பில் ஒரு அத்தியாயத்தைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். படம் வரும் இடத்தில் என்ன சொல்கிறது, அட்டவணையை எந்த வரிசையில் படிக்கிறது என்று பாருங்கள். பதினைந்து நிமிட வேலைதான். குறை இருந்தால் பதிப்பகத்துக்கு அன்றே எழுதுங்கள், செமஸ்டர் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது.

அச்சுப் பிரதிகள் இரண்டை நூலகத்தில் வெளியே கொடுக்காத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்பு வந்திருந்தால் முந்தைய பதிப்பின் பக்க எண்களையும் படிக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள், பழைய பிரதியோடு வருபவர் முதல் வாரமே வழிதவற வேண்டாம்.

என் சொந்தப் பிரதியில், மாணவர் கேள்வி கேட்ட பக்கத்திலெல்லாம் ஓரத்தில் தேதி போட்டு அந்தக் கேள்வியை அப்படியே எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்ததும் முதலில் திறப்பது அந்தப் பிரதியைத்தான். "இது எதற்கு?" என்ற கேள்வி மூன்று இடத்துக்கு மேல் விழுந்த அத்தியாயத்தை மாற்றிவிடுவேன்.